உளூவும் பணியிடத்துக் கைத்தூய்மையும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் வில்லியனூரை அடுத்து வருவது அரியூர். அச்சாலையின் போக்கு சற்று விந்தையானது. சிறிது தொலைவு புதுச்சேரி ஆட்சிப் பகுதி, பின்னர் தமிழ்நாடு, மீண்டும் புதுச்சேரி என எல்லைகள் மாறி மாறி வரும். கரும்பு வண்டிகளாலும் சர்க்கரை ஆலையாலும் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த அவ்வூரை இன்று வெளியூரார் அறிந்திருப்பது பெரும்பாலும் அங்கு அமைந்துள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கொண்டே. வில்லியனூர் வட்டாரத்தில் கூடப்பாக்கத்திலும், கடலூர்ச் சாலையில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் ஆகிய ஊர்களிலும் இத்தகைய மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நெல்லும் கரும்பும் விளைந்த கிராமங்களில் இத்துணை மருத்துவமனைகள் எழுந்தமையால், சுற்றுவட்டாரக் குடும்பங்களின் பிள்ளைகள் செவிலியராகவும், ஆய்வகப் பணியாளராகவும், துப்புரவுப் பணியாளராகவும், சமையற்கூட ஊழியராகவும் பணியில் அமர்கின்றனர். அவர்களுள் நம் சமுதாயத்துப் பெண்களும் ஆண்களும் உண்டு.

இவர்களுக்குப் பணியின் முதல் நாளிலேயே கற்பிக்கப்படுவது கைத்தூய்மை. அதனை ஒட்டி நம்மவரிடையே ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரு மனப்போக்குகளைக் காண்கிறோம். “நாள்தோறும் ஐவேளை உளூச் செய்கிற நமக்கா கைகழுவக் கற்பிக்க வேண்டும்?” என்பது ஒன்று. “மருத்துவமனையில் கையில் தேய்த்துக் கொள்ளச் சொல்லும் திரவத்தில் ஆல்கஹால் கலந்திருக்கிறதாமே, அதைத் தொட்ட கையோடு தொழலாமா?” என்னும் தயக்கம் மற்றொன்று. முன்னது பெருமிதம், பின்னது பேணுதல். இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும் பிறக்குமிடம் ஒன்றே. தொழுகைக்குரிய தூய்மையையும் நோய் தடுக்கும் தூய்மையையும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக் கொள்வதுதான் அது. இக்குழப்பத்தைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர், கைகழுவுதல் என்னும் இத்துணை எளிய செயல் பணியிடங்களில் ஏன் இவ்வளவு கடினமாகி விட்டது என்பதை வரலாற்றிலிருந்து சிறிது காண்போம்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் பொது மருத்துவமனையில் 1840களில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த தாய்மார் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். இரண்டாம் பிரிவில் மூவருக்கும் குறைவு. முதற்பிரிவில் சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் மன்றாடுவது வழக்கமாயிருந்தது. அங்கு உதவி மருத்துவராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் காரணம் தேடி அலைந்தார். 1847ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய நண்பர் கொலெச்கா, பிணப்பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமுற்று, அதே காய்ச்சலின் அறிகுறிகளோடு இறந்தார். செம்மல்வைஸுக்கு உண்மை புலப்பட்டது. பிணவறையிலிருந்து நேரே மகப்பேற்று அறைக்கு வரும் மாணவர் கைகளிலேயே மரணம் ஏறி வருகிறது. அவ்வாண்டு மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே தாயரைத் தொட வேண்டுமென்று அவர் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18.3ஆக இருந்த இறப்பு ஜூன் மாதத்தில் 2.2ஆகச் சரிந்தது.

கிருமிக் கொள்கை அறிஞருலகில் நிலைபெறுவதற்கு முந்திய காலம் அது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கைவழி செல்கிறதென்பதை ஒப்புக்கொள்ளுதல், “இத்தனை தாயரைக் கொன்றவர் நாமே” என்று ஒப்புக்கொள்வதாகும். மூத்த மருத்துவர் பலர் அதற்கு ஒருப்படவில்லை. செம்மல்வைஸும் இணக்கமாகப் பேசி வெல்லத் தெரிந்தவரல்லர். 1850இல் அவர் வியன்னாவை விட்டு நீங்கினார். 1865இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். உண்மையைக் கண்டறிவது ஒரு கலை, அதை உடன் பணிபுரிவோரின் வழக்கமாக்குவது முற்றிலும் வேறொரு கலை என்பதற்கு அவர் வாழ்வைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிட்டவில்லை.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்து, சுவிட்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் திதியே பித்தே என்னும் மருத்துவர் இதே சிக்கலை வேறொரு வகையில் அணுகினார். கிருமி உண்டென்பதை அங்கு மறுப்பார் எவருமிலர். ஆயினும் 1994இல் அவரும் அவருடைய குழுவினரும் வார்டுகளில் நின்று எண்ணிப் பார்த்தபோது, கைகளைத் தூய்மை செய்ய வேண்டிய தருணங்களுள் பாதிக்கும் சற்றுக் குறைவானவற்றிலேயே, அதாவது நூற்றுக்கு 48இல்தான், அது செய்யப்பட்டது. செவிலியரினும் மருத்துவரே பிற்பட்டிருந்தனர். கற்றவரே கைகழுவுவதில் பிந்தியிருந்தனர் என்பது நம்போன்ற ஆசிரியர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டிய செய்தி!

காரணம் எளிய கணக்கில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இருபது முறை கைத்தூய்மை தேவைப்படுகிறது. குழாயடிக்குச் சென்று, சோப்பிட்டுக் கழுவித் துடைத்துத் திரும்ப ஒரு நிமிடத்திற்கு மேலாகும். விதியை முழுமையாகப் பின்பற்றும் செவிலியர் மணியில் மூன்றிலொரு பங்கைக் குழாயடியிலேயே கழிக்க வேண்டும். நோயாளியைக் கவனிப்பது யார்? ஆகவே குறை ஊழியரின் மனத்தில் அன்று, ஏற்பாட்டில் உள்ளதென்று பித்தே முடிவு கண்டார். அருகிலேயே வைத்து இருபது முப்பது விநாடிகளில் தேய்த்துக் கொள்ளத்தக்க ஆல்கஹால் திரவம் ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் ஊழியரின் சட்டைப் பையிலும் வைக்கப்பட்டது. சுவரொட்டிகள் எழுதப்பட்டன, எண்ணிக்கை முடிவுகள் ஊழியருக்கே தெரிவிக்கப்பட்டன, மேலிடத்தார் வெளிப்படையாக ஆதரித்தனர். 1997இல் அந்த 48 என்பது 66 ஆயிற்று. மருத்துவமனையிலேயே தொற்றிக் கொள்ளும் நோய்களின் அளவு நூற்றுக்கு 16.9இலிருந்து 9.9ஆகக் குறைந்தது. இந்த ஜெனீவா முறையே பின்னர் உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டு நெறிகளுக்கு அடித்தளமாயிற்று. நோயாளியைத் தொடுமுன், தூய்மை பேண வேண்டிய சிகிச்சைச் செயலுக்கு முன், உடல்நீர் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சூழ்ந்துள்ள பொருள்களைத் தொட்ட பின் என்னும் ஐந்து தருணங்களை இன்று நம் நாட்டுச் செவிலியர் கல்லூரிகளிலும் மனப்பாடமாகக் கற்பிக்கிறார்கள்.

ஆனால் ஜெனீவாவில் சிக்கலைத் தீர்த்த அந்தத் திரவமே நம்மவருக்குச் சிக்கலாகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் இரு கலவைகளுள் ஒன்றில் நூற்றுக்கு 80 பங்கு எத்தனால். மற்றொன்றில் 75 பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பேணுதலுள்ள ஓர் ஊழியர் இதனைத் தொடத் தயங்கினால் அவரை எள்ளி நகையாடுவதில் பொருளில்லை. அவருடைய வினா முறையான ஃபிக்ஹ் வினா; அதற்கு முறையான விடை உண்டு.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவை ‘ரிஜ்ஸ்’ என்று குறிக்கிறது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மையான சட்ட அறிஞர்கள் இதனைக் கொண்டு, மது அருந்தத் தகாதது மட்டுமன்று, ஆடையிலோ உடலிலோ பட்டால் கழுவ வேண்டிய நஜீஸும் ஆகும் என்று தீர்ப்பளித்தனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ஆசிரியரான ரபீஆ, எகிப்தின் லைஸ் இப்னு ஸஅத், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மாணவரான முஸனீ ஆகியோர் இதில் மாறுபட்டனர். அதே வசனத்தில் மதுவோடு சேர்த்துச் சொல்லப்படும் சூதும் அம்பெறிந்து குறி பார்ப்பதும் தொட்டால் ஒட்டும் அசுத்தங்கள் அல்லவே, அவ்வாறே மதுவும் செயலளவில் இழிந்தது, பொருளளவில் நஜீஸன்று என்பது இச்சாராரின் வாதம். மது விலக்கப்பட்ட நாளில் மதீனாவின் தெருக்களில் அது கொட்டி ஓடவிடப்பட்ட செய்தியையும் அவர்கள் துணைக்கழைப்பர்.

ஹனஃபி மத்ஹபில் வேறொரு வாயில் திறந்திருக்கிறது. ‘கம்ரு’ என்பதன் முழுச் சட்டமும் திராட்சைச் சாற்றிலிருந்து உண்டானதற்கே உரியது என்றும், திராட்சை, பேரீச்சை ஆகியவற்றிலிருந்து பெறப்படாத பிறவற்றின் சட்டம் வேறு என்றும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களும் கொண்டனர். அருந்திப் போதை கொள்வது எவரிடத்தும் ஆகுமானதன்று என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இக்காலத்து ஹனஃபி அறிஞர் முஃப்தி முஹம்மத் தகீ உஸ்மானீ, மருந்துகளிலும் நறுமணப் பொருள்களிலும் இன்று சேரும் ஆல்கஹால் பெரும்பாலும் திராட்சையிலிருந்தோ பேரீச்சையிலிருந்தோ எடுக்கப்படுவதன்று என்பதைச் சுட்டி, இமாமின் கருத்துப்படி அவற்றுக்கு இடமளித்திருக்கிறார். நம் நாட்டைப் பொறுத்தவரை இச்செய்தி கண்கூடு. இந்தியாவில் எத்தனால் நெடுங்காலமாகப் பெரும்பகுதியும் வடிக்கப்பட்டது சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்தே. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில் கைத்தூய்மைத் திரவத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, சர்க்கரை ஆலைகளுக்கும் வடிசாலைகளுக்கும் அதனைத் தயாரிக்க அரசு உரிமம் வழங்கியதை வாசகர்கள் நினைவுகூரலாம். கரும்பு விளையும் அரியூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ பெட்ரோலியத்தின் வழிப் பெறப்படும் வேதிப்பொருள், அருந்தினால் நஞ்சு.

காரைக்கால், நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ஹபினருக்கே வினா சற்றுக் கடினமாகிறது. போதை தரும் திரவம் எதிலிருந்து வந்தாலும் நஜீஸே என்பது அம்மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்து. ஆவியாகி உலர்ந்து விட்டது என்பதும் அங்கு முழு விடையாகாது. எனினும் அம்மத்ஹபிலேயே மன்னிக்கப்பட்ட அசுத்தங்கள் என்றொரு பகுதி உண்டு. நான்கு மத்ஹபுகளின் சட்டங்களையும் தொகுத்த அப்துர் ரஹ்மான் அல்ஜஸீரீ, மருந்துகளையும் நறுமணப் பொருள்களையும் செம்மைப்படுத்துவதற்காகச் சேர்க்கப்படும் நஜீஸான திரவங்களை, அத்தேவைக்குரிய அளவில், மன்னிக்கப்பட்டவற்றுள் வைத்து எழுதியிருக்கிறார். தவிர்க்க இயலாதவாறு பரவலாகிவிட்ட ஒன்றில் எளிமை காட்டுவது என்னும் பொது விதியும் இங்குப் பொருந்தும். நோயாளிகளின் உயிர்காப்பைவிடத் தெளிவான தேவை வேறென்ன இருக்க முடியும்?

அனைத்துக்கும் மேலாக, மக்காவில் உலக முஸ்லிம் லீகின் இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் 2002 ஜனவரியில் கூட்டிய பதினாறாம் அமர்வில், காயங்களை வெளிப்புறமாகத் தூய்மை செய்யவும் கிருமிகளை அழிக்கவும் வெளிப்பூச்சு மருந்துகளிலும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாமென்று முடிவு செய்தது. 2003 முதல் ரியாத்திலுள்ள மன்னர் அப்துல் அஸீஸ் மருத்துவ நகரில் இத்திரவம் அனுமதிக்கப்பட்டது மட்டுமன்றி ஊக்குவிக்கவும் பட்டது. ஊழியரிடமிருந்து மறுப்போ தயக்கமோ எழவில்லை என்று அங்கிருந்தோர் பதிவு செய்துள்ளனர். உலக சுகாதார நிறுவனம் தன் 2009ஆம் ஆண்டு நெறிகளில் மதங்களும் கைத்தூய்மையும் பற்றித் தனியே ஓர் இயலே எழுதி, இச்செய்திகளை அதில் சேர்த்திருக்கிறது. தயக்கம் முற்றிலும் வீணென்றும் நாம் சொல்லவில்லை. 2020இல் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்த நாள்களில் ஆந்திராவின் குறிச்சேடு என்னும் ஊரில் இத்திரவத்தையே குடித்துப் பலர் மாண்டனர். அது அருந்துவோரின் கேடு. கையில் தேய்ப்போருக்குத் தோல்வழி உடலில் சேரும் ஆல்கஹால் பொருட்படுத்தத்தக்க அளவினதன்று.

இனி முதலில் சொன்ன பெருமிதத்துக்கு வருவோம். உண்மையில் நாம் இதனையே கூடுதலாக அஞ்ச வேண்டியிருக்கிறது.

மத்ரஸாவில் தொடக்க வகுப்பிலேயே பயிலும் ஒரு பாகுபாட்டை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். ‘ஹதஸ்’ என்பது தொழுகைக்குத் தடையாகும் ஒரு நிலை. அதை நீக்குவது உளூவும் குளிப்பும், நீர் கிட்டாதபோது தயம்முமும். ‘கபஸ்’ என்பது உடலிலோ உடையிலோ இடத்திலோ ஒட்டிய அசுத்தப் பொருள். அதை நீக்குவது கழுவுதல். இவ்விரண்டிலும் சேராத அழுக்கும் பிசுக்கும் உண்டு. அவற்றைப் போக்குவது ‘நழாஃபத்’ என்னும் பொதுத் தூய்மை. பச்சை இறைச்சியை அறுத்தவரின் உளூ அதனால் முறிவதில்லை. நோயாளியின் சளியைத் துடைத்தவரின் உளூவும் முறிவதில்லை. கதவுப்பிடியையும் ரூபாய்த் தாளையும் கைப்பேசியையும் தொட்டவரின் உளூவும் அவ்வாறே. தொழுகைக்கு அவர் தகுதியாகவே இருக்கிறார். ஆனால் அக்கையால் அடுத்த நோயாளியைத் தொடவோ பிரியாணியைப் பரிமாறவோ அவர் தகுதியாக இருக்கிறாரா என்பது வேறு வினா. அதற்கு உளூவின் சட்டத்தில் விடை தேடுவது, தொழுகை நேரத்தைக் கோள்களின் வேகக் கணக்கில் தேடுவது போலாகும்.

ஹவுளின் கதையும் இத்தகையதே. இரண்டு குல்லத்தும் அதற்கு மேலும் உள்ள நீர், நிறமும் சுவையும் மணமும் மாறாதவரை தூயது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அது உளூச் செல்லுமா செல்லாதா என்பதற்கான அளவுகோல். நுண்ணுயிர் ஆய்வறிக்கை அன்று. நீர் மட்டும் கொண்டு கழுவுவதற்கும் பயனுண்டு. ஆனால் அது பாதிப் பயனே. 2011இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், பொது இடங்களில் தொட்டுப் புழங்கிய கைகளைக் கழுவாதபோது நூற்றுக்கு 44 கைகளில் மலவழிக் கிருமி காணப்பட்டது. வெறும் நீரில் கழுவியபோது 23 கைகளில். சோப்பிட்டுக் கழுவியபோது 8இல் மட்டுமே. உளூவில் விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுதலும், மோதிரத்தை அசைத்து நீரைச் சேர்த்தலும் இன்று செவிலியருக்குக் கற்பிக்கப்படும் முறையோடு ஒத்திருப்பது நமக்கு உவகை தருகிறது. எனினும் சோப்பில்லாக் கையும் சோப்பிட்ட கையும் ஒன்றாகா.

உறங்கி எழுந்தவர் தம் கையை மும்முறை கழுவும் முன் நீர்ப்பாத்திரத்துள் இடலாகாதென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இதற்குச் சொல்லப்பட்ட காரணமே நம் கவனத்துக்குரியது. கையில் அழுக்கு உண்டென்று அவருக்குத் தெரியும் என்பதன்று. இரவில் அக்கை எங்கிருந்ததென அவருக்குத் தெரியாது என்பதே காரணம். கண்ணுக்குப் புலப்படாத, உறுதிசெய்யப்படாத ஓர் ஐயத்தின் மீதே இந்த அறிவுரை அமைந்திருக்கிறது. பொதுநீரைப் பிறரும் பயன்படுத்துவர் என்பது இதன் உட்கிடை. வியன்னா மருத்துவர்கள் ஏற்க மறுத்ததும் இந்தத் ‘தெரியாது’ என்னும் சொல்லைத்தான். பணியிடத்தில் எட்டு மணி நேரம் புழங்கும் ஒரு கை எங்கெங்கு சென்றுவந்ததென்று எவரால் சொல்ல முடியும்?

நாட்டு நிலவரம் பெருமைப்படும்படி இல்லை. தேசிய மாதிரி ஆய்வின் 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், உண்ணுமுன் சோப்போ சலவைப்பொருளோ இட்டுக் கைகழுவுவதாகக் கூறிய குடும்பங்கள் நூற்றுக்கு 36க்கும் குறைவு. ஊர்ப்புறத்தில் நான்கில் ஒரு பங்கே. கையாலேயே உண்ணும் நாட்டில், ஒரே சஹனில் நால்வர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தைப் பேணும் சமுதாயத்தில், உண்டபின் நெய்ப்பிசுக்குப் போகச் சோப்பைத் தேடும் நாம் உண்ணுமுன் விரல்நுனி நனைத்தாலே போதுமென்று இருக்கிறோம்.

நம்மவர் மிகுதியாக ஈடுபட்டிருப்பது மருத்துவமனைப் பணியில் என்பதைவிட உணவுத் தொழிலில் எனலாம். இறைச்சிக் கடை, பிரியாணிக் கடை, ரொட்டிக் கடை, தேநீர்க் கடை என்று அதன் கிளைகள் பல. இத்தொழில்களின் தூய்மை பற்றி முன்னோர் எழுதிய நூல்கள் நம் நூலகங்களில் தூசி படிந்து கிடக்கின்றன. ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தைச் சேர்ந்த ஷைஸரீ என்பார், கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதினார். அதில் ரொட்டி சுடுவோர் பற்றி அவர் இடும் நிபந்தனைகள் வியப்பூட்டுவன. மாப்பிசைவோர் காலாலோ முழங்காலாலோ முழங்கையாலோ பிசையலாகாது. கைகளை ஒட்டிய உடை அணிய வேண்டும். தும்மினாலோ பேசினாலோ எச்சில் மாவில் தெறிக்கக்கூடுமாதலால் வாயை மூடிக் கட்ட வேண்டும். நெற்றி வியர்வை சொட்டாதிருக்க வெண்துணி கட்ட வேண்டும். கைமயிர் உதிர்ந்து விழாதிருக்க அதனை மழித்தல் வேண்டும். பகலில் பிசையும்போது ஈயோட்ட ஒருவர் அருகில் நிற்க வேண்டும். கிருமியைக் கண்டறியாத 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை இவை!

இவற்றுள் அறிவுரை எத்துணை, ஏற்பாடு எத்துணை என்று பாருங்கள். தொழிலாளிக்கு அவர் அறம் போதிக்கவில்லை. உடை, துணி, உடனிருக்க ஓர் ஆள் என்று அனைத்தும் கடைக்காரர் செலவு செய்து அமைக்க வேண்டியவை; அமைத்திருக்கிறாரா என்று பார்ப்பது முஹ்தஸிபின் வேலை. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி 2011இல் வந்த ஒழுங்குமுறைகளும், அதற்கு முன்னரே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவும் இதே வழியில்தான் சென்றன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே, எளிதில் சென்றடையத்தக்க இடத்தில், தூய்மையாகப் பேணப்படும் கழுவுமிடங்களை அமைத்தல் முதலாளியின் கடமையென்று அப்பிரிவு வரையறுத்தது. கைகழுவச் சொல்லிப் பலகை எழுதி மாட்டிவிட்டுக் குழாயில் நீர் வராமலும், சோப்பைப் பூட்டி வைத்தும், ஐந்து மடங்கு நீர் கலந்து நீர்த்துப்போன சோப்புக் கரைசலை ஊற்றி வைத்தும் நடத்தப்படும் நிறுவனங்களை நாம் கண்டிருக்கிறோம். அங்குள்ள ஊழியரைக் குறை கூறுவதற்கு நமக்கு நா எழவில்லை.

ஏற்பாடு அமைந்த பின்னும் மனிதர் மனம் என்ற ஒன்று எஞ்சுகிறது. அது குறித்த ஆய்வுகள் சில சுவையானவை. இங்கிலாந்தில் நெடுஞ்சாலை ஓய்விடமொன்றின் கழிப்பறைகளில் கருவிகள் பொருத்தி எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி பற்றிய அச்சுறுத்தலைவிட, பக்கத்தில் நிற்பவர் சோப்பிட்டுக் கழுவுகிறாரா என்று கேட்ட வாசகமே மிகுதியானவரைச் சோப்பின் பக்கம் திருப்பியது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நடந்து 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், கைத்தூய்மை உம்மை நோயிலிருந்து காக்கும் என்ற அறிவிப்பு பயன்படவில்லை. நோயாளிகளை நோயிலிருந்து காக்கும் என்று ஒரு சொல் மாற்றியதும் சோப்பின் பயன்பாடு உயர்ந்தது. ஊழியர் தம் நலத்தைப் பற்றி அசட்டையாயிருந்தாலும் தம்மை நம்பி வந்தவரின் நலத்தில் அசட்டையாயிருக்க விரும்புவதில்லை. அமானத் என்னும் சொல்லின் பொருளறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. இவ்விரண்டினும் வலிமையானது 2003இல் வெளியான ஒரு கண்டறிதல். அறைக்குள் இருக்கும் மூத்தவர் கைகழுவாவிட்டால் உடனிருக்கும் இளையவரும் கழுவுவதில்லை. தலைமை மருத்துவர், மேலாளர், கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளி ஆகியோரின் கைகளையே ஊழியர் அனைவரும் பார்த்துக் கொண்டிருக்கின்றனர்.

திரவம் எல்லாவற்றுக்கும் மாற்றன்று என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கும் கொழுப்பும் படிந்த கையில் அது பயன்தராது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகளை அது கொல்லாது. கழிப்பறைக்குச் சென்றுவந்த பின்னும், இறைச்சியைக் கையாண்ட பின்னும் சோப்பும் ஓடும் நீருமே வேண்டும். கையுறை அணிந்துவிட்டால் கழுவ வேண்டியதில்லை என்பதும் தவறு. ஒரே கையுறையோடு காசை வாங்கி, அதே கையுறையோடு பரோட்டாவைப் பிய்த்துத் தரும் காட்சி எந்தக் கடைத்தெருவிலும் உண்டு. இஃது ஊழியரைக் காக்கலாம், உண்பவரைக் காப்பதில்லை.

நம் பெண்கள் எதிர்கொள்ளும் மற்றொரு சிக்கல் சட்டைக்கை பற்றியது. நோயாளியைத் தொடும் ஊழியரின் முன்னங்கை மறைக்கப்படாதிருக்க வேண்டுமென்னும் விதி பிரிட்டன் மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தபோது, ஹிஜாபைப் பேணும் முஸ்லிம் செவிலியரும் மருத்துவ மாணவியரும் இடர்ப்பட்டனர். விதியை உடைக்கவும் வேண்டாம், பெண்ணை வெளியேற்றவும் வேண்டாம் என்று 2010இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஒரு வழி கண்டது. கைகழுவும்போது சட்டைக்கையை மேலேற்றி நன்கு கழுவிக்கொண்டு, நோயாளியைக் கவனிக்கும்போது ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க மேலுறையை முன்னங்கையில் அணியலாம் என்பது அது. நம் பகுதி மருத்துவமனைகளில் இத்தகைய வினா எழுமாயின், முறையிட்டுச் சண்டையிடுவதற்கு முன் இவ்வேற்பாட்டை நிர்வாகத்தாரிடம் எடுத்துக் கூறலாம்.

கடைசியாக நம் சொந்த இடங்களைப் பற்றி. 2020 ஜூன் மாதத்தில் வழிபாட்டிடங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, உள்ளே வருவோர் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டுமென்று மத்திய சுகாதார அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. அதையொட்டிப் பள்ளிவாசல்களின் உளூச் செய்யுமிடங்களில் சோப்பு வந்து சேர்ந்தது. தொற்று தணிந்ததும் பல இடங்களில் அது மறைந்துவிட்டது. ஜும்ஆ நாளில் பட்டறையிலிருந்தும் இறைச்சிக் கடையிலிருந்தும் மருத்துவமனைப் பணியிலிருந்தும் அரைமணி நேர விடுப்பில் ஓடிவருவோர் அக்குழாயடியில்தான் அமர்கின்றனர். தொழுதுவிட்டு அங்கிருந்தே பணிக்குத் திரும்புகின்றனர். மத்ரஸாவின் சமையற்கூடத்திலும் மாணவர் விடுதியின் கழிப்பறை வாயிலிலும் சோப்பு இருக்கிறதா என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகிகளும் அரபுக் கல்லூரி நிர்வாகிகளும் நம்போன்ற ஆசிரியர்களும் இவ்வாரமே சென்று பார்க்கலாம்.